இலக்கும் வழியும்: மர்ஹலாக் கணக்கு முதல் செய்மதி வழிகாட்டி வரை

பயணம் மனித வாழ்வின் ஆதித் தேவைகளுள் ஒன்று. வணிகம், கல்வி, ஹஜ், ஆட்சிப் பணி, புலம்பெயர்வு என அதன் நோக்கங்கள் பலவாயினும், புறப்படும் எவரும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். நிற்கும் இடம் எது? சென்றடைய வேண்டிய இடம் எது? இவ்விரண்டுக்கும் இடையில் எந்த வழியால் செல்வது? இன்று கையடக்கத் தொலைபேசியில் ஓர் ஊரின் பெயரை இட்டதும் இம்மூன்றுக்குமான விடை வண்ணக் கோடாகத் திரையில் தோன்றிவிடுகின்றது. நான்காவது வினா ஒன்றும் உண்டு. இவ்விடைகளைத் தந்தவர் யார், அவை சரியென்பதை எவ்வாறு அறிவது என்பதே அது. திரை அவ்வினாவை எழுப்புவதில்லை. பயணியும் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

முஸ்லிம் உலகில் வளர்ந்த புவியியல், வானியல், கடலோடும் கலை ஆகியவற்றின் வரலாற்றை நோக்கும்போது, முதல் மூன்று வினாக்களோடு இந்த நான்காவது வினாவும் இடையறாது கேட்கப்பட்டு வந்திருப்பதைக் காண்கின்றோம். இவ்வரலாறு நம் மத்தியில் பெரும்பாலும் பெருமை பேசும் நோக்குடனேயே எடுத்தாளப்படுகின்றது. செய்மதி வழிகாட்டியின் மூலமும் எமது முன்னோரிடமே உள்ளது என்ற தொனியில் பேசுவோரும் எழுதுவோரும் உளர். அத்தகைய உரிமைகோரல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அம்முன்னோர் செய்த பணி எத்தகையது என்பதையும் அது விளக்குவதில்லை. அவர்கள் இலக்கை எவ்வாறு குறித்தனர், வழியை எவ்வாறு வகுத்தனர், தமக்குக் கிடைத்த தகவலை எவ்வாறு சரிபார்த்தனர் என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்கி, இன்றைய வழிகாட்டி மென்பொருளைப் பயன்படுத்தும் நமக்கு அதில் என்ன இருக்கின்றது என்பதையும் ஆராய முற்படுகின்றோம்.

பாதைகளின் நூல்கள்

அப்பாஸிய ஆட்சியின் தலைநகர் பக்தாதிலிருந்து நாலாபுறமும் நெடுஞ்சாலைகள் சென்றன. அரச கடிதங்களையும் செய்திகளையும் கொண்டுசெல்லும் 'பரீத்' எனும் அஞ்சல் துறை அச்சாலைகளில் இயங்கியது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பர்ஸக், இடையில் எத்தனை தங்கிடங்கள், நீர் கிடைக்கும் இடம் எது என்பன அத்துறைக்கு அன்றாடத் தேவையான தகவல்களாக இருந்தன. ஒரு பர்ஸக் என்பது மூன்று அரபு மைல். ஏறத்தாழ 6 கிலோமீற்றர். ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தொலைவு மர்ஹலா எனப்பட்டது.

9ஆம் நூற்றாண்டில் அல்-ஜிபால் பிரதேசத்தின் அஞ்சல் துறைக்குப் பொறுப்பாக இருந்த இப்னு குர்தாத்பிஹ், இத்தகவல்களைத் திரட்டி 'கிதாபுல் மஸாலிக் வல்-மமாலிக்' (பாதைகளும் நாடுகளும் பற்றிய நூல்) எனும் நூலை எழுதினார். நகரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அடுத்தடுத்த இரு தங்கிடங்களுக்கு இடையிலான தொலைவைக் கூறிச் செல்வது அந்நூலின் முறை. சீனம் வரையிலான கடல்வழியும் அதில் இடம்பெறுகின்றது. பின்னர் இதே பெயரிலும் இதே முறையிலும் பல நூல்கள் தோன்றி, 'மஸாலிக்' எனும் தனி நூல்வகையே உருவாயிற்று. வழி என்பதைத் தங்கிடங்களாகவும் அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவுகளாகவும் பிரித்து எழுதும் இம்முறையை நினைவிற் கொள்ளல் வேண்டும். கணினிக்கு ஏற்ற வடிவில் சாலைகள் எழுதப்பட்டபோது அவையும் இவ்வாறே சந்திகளாகவும் இடைத் தொலைவுகளாகவும் பிரிக்கப்பட்டன.

இந்நூல்களுக்குத் தகவல் தந்தவர்கள் பலதரப்பட்டோர். அவர்களின் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. இவ்விடத்தில்தான் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அல்-முகத்தஸியின் அணுகுமுறை முக்கியத்துவம் பெறுகின்றது. பைத்துல் முகத்தஸைப் பிறப்பிடமாகக் கொண்ட அவர், முஸ்லிம் உலகின் பெரும்பகுதியை நேரிற் சுற்றி வந்தவர். தாம் கண்டவற்றையும் பிறர் கூறக் கேட்டவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் வேறுபடுத்திக் காட்டுவதில் அவர் கவனமாக இருந்தார். இந்துப் பெருங்கடலின் வடிவம் பற்றி அவர் கண்ட வரைபடங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாக இருந்தன. ஆகவே, ஏடன் துறைமுகக் கரையில் வணிகர்களின் தலைவரும் கடல் அனுபவம் மிக்கவருமான முதியவர் ஒருவரிடம் இதுபற்றி வினவினார். அம்முதியவர் தம் உள்ளங்கையால் மணலைச் சமப்படுத்தி, அதன் மீது கடலின் வடிவத்தை அதன் வளைவுகளோடும் குடாக்களோடும் வரைந்து காட்டினார் என அல்-முகத்தஸி பதிவு செய்கின்றார். ஏட்டில் இருந்த படங்களைவிட, அக்கடலில் கப்பல்களை அனுப்பிப் பிழைப்பு நடத்திய ஒருவர் மணலில் வரைந்த படத்துக்கு அவர் கூடிய மதிப்பளித்தார். அவர் வழங்கிய மதிப்பு அம்முதியவரின் அனுபவத்துக்கு உரியது.

இடம் எண்ணாக மாறியமை

மர்ஹலாக் கணக்கு ஒரு பாதையை அறிந்தவருக்குப் போதுமானது. பாதையிலிருந்து விலகி நிற்பவருக்கும், பாதையே இல்லாத கடலில் செல்பவருக்கும், தொலைவிலுள்ள ஒரு நகரின் திசையை அறிய விரும்புபவருக்கும் அது போதாது. அதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் முகவரி தேவை. கிரேக்க அறிஞர் தொலமி வகுத்த அகலாங்கு, நெட்டாங்கு எனும் முறை 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் திருத்தி விரிவாக்கப்பட்டது. அல்-குவாரிஸ்மியின் 'ஸூரத்துல் அர்ள்' எனும் நூல் 2,400க்கும் மேற்பட்ட இடங்களின் அகலாங்கு, நெட்டாங்குகளைப் பட்டியலிடுகின்றது. கலீபா அல்-மஃமூனின் ஆணைப்படி ஸின்ஜார் சமவெளியில் வானியலறிஞர்கள் வடக்கும் தெற்குமாக நடந்து அளந்து, புவியின் மேற்பரப்பில் ஒரு பாகையின் நீளம் அண்ணளவாக 56 2/3 அரபு மைல் என்ற முடிவுக்கு வந்தனர்.

அகலாங்கை அறிதல் ஒப்பீட்டளவில் எளிது. நண்பகலில் சூரியனின் உயரத்தையோ இரவில் துருவத்தை அண்டிய விண்மீனின் உயரத்தையோ அளந்தால் போதும். நெட்டாங்கே கடினமானது. இரண்டு ஊர்களின் நெட்டாங்கு வேறுபாடு என்பது அவ்வூர்களின் உள்ளூர் நேரங்களுக்கு இடையிலான வேறுபாடேயாகும். ஒரே கணத்தை இரண்டு ஊர்களிலும் அறிய முடிந்தால் மாத்திரமே அதனைக் கணிக்கலாம். கி.பி. 997ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணம் அத்தகைய ஒரு வாய்ப்பினை அளித்தது. குவாரிஸ்மின் காத் நகரிலிருந்து இளைஞரான அல்-பிரூனியும் பக்தாதிலிருந்து மூத்த கணித அறிஞர் அபுல் வபா அல்-பூஸ்ஜானியும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அக்கிரகணத்தை அவதானித்தனர். இருவரும் குறித்த உள்ளூர் நேரங்களை ஒப்பிட்டு இரு நகரங்களின் நெட்டாங்கு வேறுபாடு கணிக்கப்பட்டது. அப்போது அல்-பிரூனிக்கு வயது 23.

இருபது ஆண்டுகளின் பின்னர் அல்-பிரூனி கஸ்னி சுல்தான் மஹ்மூதின் ஆட்சிப் பரப்பினுள் கொண்டுவரப்பட்டிருந்தார். 1018ஆம் ஆண்டு அக்டோபரில் காபூலுக்கு அண்மையிலுள்ள ஜைபூர் எனும் கிராமத்தில் இருந்தபோது, அவ்விடத்தின் அகலாங்கை அறிய விரும்பிய அவரிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. கணக்கெழுதும் பலகையின் பின்புறத்தில் பாகைகள் குறித்த ஒரு வில்லை வரைந்து, தூக்குக் குண்டொன்றைத் தொங்கவிட்டு, அதனையே கருவியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார்.

ஹி. 416இல் (கி.பி. 1025) அவர் நிறைவு செய்த 'தஹ்தீத் நிஹாயாத்தில் அமாகின்' எனும் நூல், கஸ்னி நகரின் அகலாங்கு, நெட்டாங்கு, அங்கிருந்து கிப்லாவின் திசை ஆகியவற்றைக் காண்பதை நோக்காகக் கொண்டது. கிரகணம் வேண்டும்போதெல்லாம் நிகழ்வதில்லை. எனவே அவர் மஸாலிக் நூல்களும் வணிகக் கூட்டங்களும் தந்த சாலைத் தொலைவுகளை எடுத்துக்கொண்டார். சாலையின் வளைவுகளுக்காக ஒரு பகுதியைக் கழித்து நேர்த் தொலைவை மதிப்பிட்டார். அத்தொலைவையும் இரு ஊர்களின் அகலாங்குகளையும் கோள முக்கோணவியலுக்கு உட்படுத்தி நெட்டாங்கு வேறுபாட்டை வருவித்தார். பக்தாதிலிருந்து கஸ்னி வரை ரை, ஜுர்ஜானிய்யா, பல்க் வழியாக வடபுறச் சங்கிலியொன்றையும், ஷீராஸ், ஸரன்ஜ், புஸ்த் வழியாகத் தென்புறச் சங்கிலியொன்றையும் அமைத்து, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டார். ஒரே விடையை இரு வழிகளால் அடைந்து பார்ப்பது அவரது நூல் முழுவதிலும் காணப்படும் பண்பாகும். அஞ்சல்காரரின் மர்ஹலாக் கணக்கும் வானியலறிஞரின் கோணமும் அவர் கையில் ஒன்றையொன்று திருத்திக்கொண்டன எனலாம்.

இலக்கை நடுவில் வைத்த வரைபடம்

முஸ்லிம் உலகில் கணிதவியலாளரின் கவனத்தை நூற்றாண்டுகளாக ஈர்த்த ஓர் இலக்கு கஃபாவாகும். எவ்விடத்திலிருந்தும் அதன் திசையை அறிய வேண்டியிருந்தமையால், நிற்கும் இடத்தைக் கொடுத்தால் இலக்கின் திசையைத் தரும் பொது முறையொன்று தேவைப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் நேரக்கணிப்பாளராகப் பணியாற்றிய ஷம்ஸுத்தீன் அல்-கலீலி, அகலாங்கும் மக்காவிலிருந்தான நெட்டாங்கு வேறுபாடும் ஒவ்வொரு பாகையாக மாறும்போது கிப்லாத் திசை என்னவாகும் என்பதைக் கணித்து, ஏறத்தாழ 3,000 விடைகளைக் கொண்ட அட்டவணையொன்றை ஆக்கினார். பயணி தனது ஊரின் இரு எண்களையும் அறிந்திருந்தால் போதும். கணக்கிடும் சிரமம் அவருக்கு இல்லை. ஒருவர் முன்கூட்டியே கணித்து வைத்த விடையைப் பலரும் தேவைப்படும் வேளையில் எடுத்துக்கொள்ளும் முறை இங்கு முழு வடிவம் பெறுகின்றது.

இதே நோக்கின் மற்றுமொரு வெளிப்பாடு, 1989இலும் 1995இலும் ஏல விற்பனைகளில் வெளிப்பட்ட பித்தளை உலக வரைபடங்களாகும். ஸபவி ஆட்சிக்கால ஈரானைச் சேர்ந்த இவற்றை வரலாற்றறிஞர் டேவிட் கிங் விரிவாக ஆராய்ந்துள்ளார். வட்டமான தகட்டின் நடுவில் மக்கா. அதனைச் சூழக் கோடுகளாலான வலையில் நகரங்கள். நடுவில் சுழலும் ஓர் அளவுகோல். அளவுகோலை ஒரு நகரின் மீது வைத்தால், விளிம்பிலுள்ள வட்டத்தில் கிப்லாத் திசையும் கோலின் மீது மக்காவுக்குரிய தொலைவும் தெரியவரும். நில அமைப்பைக் காட்டுதல் இவ்வரைபடத்தின் நோக்கமாக இருக்கவில்லை. ஒரே இலக்குக்கான திசையும் தொலைவும் பிழையின்றிக் கிடைக்கும்படி உலகமே அதில் மாற்றி வரையப்பட்டிருக்கின்றது.

முஅல்லிமும் முடிச்சும்

தரையில் மர்ஹலாவும் நகரங்களில் அட்டவணையும் வழிகாட்ட, கடலில் அப்பொறுப்பு முஅல்லிமைச் சார்ந்திருந்தது. கற்பிப்பவர் எனும் பொருள் கொண்ட இவ்வரபுச் சொல் இந்துப் பெருங்கடலில் கப்பலின் வழிகாட்டியைக் குறித்தது. தமிழில் நாம் வழங்கும் 'மாலுமி' எனும் சொல் இதிலிருந்து வந்ததே.

முஅல்லிமின் கையில் இருந்த எளிய கருவிகளுள் ஒன்று 'கமால்' எனப்படும் சிறு பலகை. அதன் நடுவில் துளையிட்டு ஒரு கயிறு கோக்கப்பட்டிருக்கும். கயிற்றின் முடிச்சைப் பல்லிற் கடித்து அல்லது மூக்கருகே பிடித்து, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு செய்தால், அவ்விண்மீனின் உயரம் தெரியவரும். முடிச்சு ஒவ்வொன்றும் ஓர் உயரத்தைக் குறிக்கும். ஒரு குறிப்பிட்ட துறைமுகத்துக்குரிய உயரத்தையும் முடிச்சாக இடலாம். அத்துறைமுகத்தை நாடும் கப்பல், விண்மீன் அம்முடிச்சின் உயரத்துக்கு வரும்வரை வடக்கே அல்லது தெற்கே செல்லும். பின்னர் அவ்வுயரம் மாறாதவாறு கிழக்கே அல்லது மேற்கே திரும்பி இலக்கை அடையும். கயிற்றில் இட்ட முடிச்சே இங்கு குறித்து வைக்கப்பட்ட இலக்காகின்றது. சோழமண்டலக் கரையின் கடலோடிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இத்தகைய கருவியைக் கையாண்டனர். காங்கிரீவ் என்பார் 1850இல் சென்னையிலிருந்து வெளியான ஆய்விதழொன்றில் இதுபற்றி எழுதினார். தமிழ்க் கடலோடிகளிடையே இதற்கு இராப்பலகை என்ற பெயரும் வழங்கியது.

அரபுக் கடலோடிகள் விண்மீன் உயரத்தை 'இஸ்பஃ', அதாவது விரல் என்ற அலகால் அளந்தனர். மூன்று மணி நேரக் கப்பலோட்டம் ஒரு ஸாம். நேர் வடக்கே எட்டு ஸாம் சென்றால் துருவ விண்மீன் ஒரு விரல் உயரும் என்பது அவர்களின் கணக்கு. இவ்விதம் காலமும் தொலைவும் விண்மீன் உயரமும் ஒன்றையொன்று சோதிக்கும் அளவைகளாக அமைந்தன.

இக்கலையின் தலைசிறந்த ஆசிரியர் இன்றைய ராஸ் அல்-கைமாவின் ஜுல்பார் நகரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித் ஆவார். தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்களாக இருந்த குடும்பத்தில் பிறந்த அவர், ஹி. 895இல் (கி.பி. 1490) 'கிதாபுல் பவாயித்' எனும் நூலை நிறைவு செய்தார். கரையோரமாகச் செல்லும் வழி, திறந்த கடலைக் கடக்கும் வழி என வழிகளை அவர் வகைப்படுத்துகின்றார். துருவ விண்மீன் அக்காலத்தில் வானின் உண்மைத் துருவத்திலிருந்து மூன்று பாகைக்கும் சற்று மேலாக விலகியிருந்தது. ஆகவே இரவின் எந்நேரத்தில் அளந்தாலும் ஒரே விடை கிடைக்காது. சந்திரனின் தங்கிடங்களாகக் கொள்ளப்படும் விண்மீன் கூட்டங்களின் நிலையைப் பார்த்து அளவைத் திருத்தும் 'பாஷி' எனும் முறையை அக்கால முஅல்லிம்கள் கைக்கொண்டனர். இப்னு மாஜிதின் நூல்களில் முன்னோர் மீதான மதிப்பும் அவர்களின் அளவைகளைத் திருத்தும் துணிவும் ஒருங்கே காணப்படுகின்றன. அவருக்குச் சற்றுப் பின் வாழ்ந்த சுலைமான் அல்-மஹ்ரி, சோழமண்டலக் கடலோடிகளின் கருத்துகளையும் கவனத்திற் கொண்டு எழுதினார்.

இவ்விடத்தில் பரவலான ஒரு கூற்றை ஆராய்தல் பொருத்தமாகும். 1498இல் வாஸ்கோட காமாவை மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்தவர் இப்னு மாஜிதே என இன்றும் எழுதப்படுகின்றது. பெருமையாகக் கூறுவோரும் உண்டு. துரோகமாகப் பழிப்போரும் உண்டு. இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, நிகழ்ச்சிக்கு ஏழு தசாப்தங்களுக்குப் பின்னர் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் அந்-நஹ்ரவாலி எழுதிய வரலாறாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் பெரான் இதற்கு வலுச் சேர்த்தார். எனினும் போர்த்துக்கீச வரலாற்றாசிரியர் பாரோஸ் அவ்வழிகாட்டியைக் குஜராத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் எனவும் 'மலேமோ கானா' எனவும் குறிப்பிடுகின்றார். 'மலேமோ' என்பது முஅல்லிம் என்ற பட்டமே. பாரசீக வளைகுடாக் கரையின் அரபியரான இப்னு மாஜிதுக்கு இவ்விவரம் பொருந்தவில்லை. ஆய்வாளர் பலர் இக்கூற்றை இன்று ஏற்பதில்லை. கடலோடும் கலையில் சான்று கேட்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றையே சான்றின்றி ஏற்பது முரணானதாகும்.

செய்மதிகளின் காலம்

இன்றைய வழிகாட்டி முறைமையின் நேரடி வரலாறு வேறிடத்தில் தொடங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் 1973இல் ஜீ.பீ.எஸ். திட்டத்தை ஆரம்பித்தது. முதலாவது சோதனைச் செய்மதி 1978 பெப்ரவரியில் ஏவப்பட்டது. 1995இல் முறைமை முழுமையாகச் செயற்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி ஒவ்வொன்றும் தனது இருப்பிடத்தையும் அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றது. அவ்வலை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து ஏற்பி தொலைவைக் கணிக்கின்றது. மூன்று செய்மதிகளிலிருந்தான தொலைவுகள் இடத்தைத் தருகின்றன. ஏற்பியின் சாதாரணக் கடிகாரத்தைத் திருத்த நான்காவது செய்மதி தேவைப்படுகின்றது. செய்மதிகளின் வேகமும் அவற்றின் உயரத்தில் புவியீர்ப்பின் குறைவும் அங்குள்ள கடிகாரங்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ செக்கன் முந்தச் செய்கின்றன. அவ்வளவு நேரத்தில் ஒளி 11 கிலோமீற்றருக்கும் மேல் சென்றுவிடும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையின்படி இது திருத்தப்படாவிடின் முறைமை பயனற்றதாகிவிடும்.

'எங்கே' என்ற வினாவுக்கு 'எப்போது' என்பதிலிருந்து விடை காணுதல் 997ஆம் ஆண்டின் கிரகண அவதானிப்பிலும் இருந்தது. இருவேறு இடத்தவரும் காணக்கூடிய வானத்து நிகழ்வொன்று அங்கு பொதுக் கடிகாரமாகப் பயன்பட்டது. இதனைத் தத்துவ ஒற்றுமையாகக் கொள்ளலாமேயன்றி வழிவந்த உறவாகக் கூற முடியாது.

இராணுவத்துக்கென உருவான இம்முறைமை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டமைக்கு ஒரு துயர நிகழ்வும் காரணமாயிற்று. 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிச் சென்ற கொரிய விமானம் 007 தன் வழியிலிருந்து விலகிச் சோவியத் வான்பரப்பினுள் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் உயிரிழந்தனர். ஜீ.பீ.எஸ். நிறைவுற்றதும் சிவில் பாவனைக்கு வழங்கப்படும் என ஜனாதிபதி ரீகனின் அரசு அதே மாதம் அறிவித்தது. இவ்விபத்தின் காரணத்தை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993இல் வெளியிட்ட அறிக்கை விளக்குகின்றது. விமானத்தில் வழியறி கருவிகள் இருந்தன. எனினும் தானியங்கி ஓட்டி அக்கருவிகளைப் பின்பற்றாமல் ஒரே காந்தத் திசையிலேயே விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக விமானிகள் அதனைக் கவனிக்கவில்லை. இலக்கு குறிக்கப்பட்டிருந்தது, விமானம் அந்த இலக்கு நோக்கித்தான் செல்கின்றதா என்பது சரிபார்க்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம், சிவில் பாவனையாளருக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை நீக்கப்பட்டது. அதன் பின்னரே வாகனம் எந்தச் சாலையில் நிற்கின்றது என்பதைத் துல்லியமாகக் காட்டும் கருவிகள் பரவலாயின.

இடமறிவது ஒரு பாதி. வழி வகுப்பது மறு பாதி. நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956இல் மிகக் குறுகிய வழியைக் காணும் முறையொன்றை வகுத்து 1959இல் வெளியிட்டார். புதிய கணினியொன்றின் ஆற்றலைக் காட்டுவதற்காக, தம் நாட்டின் 64 நகரங்களை இணைக்கும் சாலைகளை அவர் அதற்கு எடுத்துக்கொண்டார். புறப்படும் இடத்துக்கு மிக அண்மையிலுள்ள சந்தியை முதலில் உறுதிசெய்து, அங்கிருந்து எட்டக்கூடிய சந்திகளின் தொலைவைக் கூட்டி, எஞ்சியவற்றுள் மிகக் குறைந்ததை அடுத்து உறுதிசெய்து, இலக்கு வரும்வரை இவ்வாறே விரிந்து செல்வது அம்முறை. 1968இல் வெளியான மற்றொரு முறை, இலக்குக்கு இன்னும் எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்துக்கொண்டு வீண் தேடலைக் குறைத்தது. இன்றைய வழிகாட்டி மென்பொருட்கள் இவற்றின் வழிவந்தவையே.

1985இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வாகன வழிகாட்டியொன்று செய்மதியின்றியே இயங்கியது. சக்கரங்களின் சுழற்சியையும் திசைகாட்டியையும் கொண்டு வாகனத்தின் இடத்தைக் கணித்து, ஒலிநாடாப் பேழையில் பதிந்த வரைபடத்தோடு அது பொருத்திப் பார்த்தது. பசிபிக் பெருங்கடலின் கரோலைன் தீவுக் கடலோடிகள் தம் கணிப்பு முறைக்கு வழங்கிய 'எடாக்' எனும் பெயரே அதற்கு இடப்பட்டது. பழைய கடலோடிகளின் கடனை அதனை ஆக்கியோர் மறக்கவில்லை.

நான்காவது வினா

வழிகாட்டி மென்பொருள் கணக்கில் தவறுவது அரிது. தவறு பெரும்பாலும் அதற்கு ஊட்டப்பட்ட தரவில் இருக்கின்றது. பெயர் ஒன்றான இரு ஊர்கள், மூடப்பட்ட பாலம், மழையில் மூழ்கும் தாம்போதி, கனரக வாகனம் செல்ல முடியாத ஒழுங்கை ஆகியவற்றை எவரேனும் பதிந்தால் மாத்திரமே மென்பொருள் அறியும். மிகக் குறுகிய வழி எது என்று அது சரியாகவே விடை தரும். அவ்வழி இன்று திறந்திருக்கின்றதா என்பது வேறு வினா. முகத்தஸி கரையோர முதியவரைத் தேடிச் சென்றமைக்கான காரணம் இன்றும் மறையவில்லை.

செய்மதிச் சமிக்ஞையும் மிகப் பலவீனமானது, எளிதில் குறுக்கிடத்தக்கது. அண்மைய ஆண்டுகளில் செங்கடல், பாரசீக வளைகுடா, பால்டிக் கடற்பகுதிகளில் போலிச் சமிக்ஞைகளால் கப்பல்களின் திரைகள் தவறான இடங்களைக் காட்டியமை பதிவாகியுள்ளது. இத்தகைய அச்சங்களின் மத்தியில், முன்னர் கைவிட்டிருந்த விண்மீன் வழியறி பயிற்சியை ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015இல் மீண்டும் பாடத்திட்டத்தில் சேர்த்தது. முடிச்சிட்ட கயிற்றை இனி எவரும் கப்பலில் ஏற்றப்போவதில்லை. ஆனால் கருவியைச் சாராத இரண்டாவது சான்று தேவை என்ற முஅல்லிமின் ஒழுங்கு திரும்பி வந்திருக்கின்றது.

கிப்லாவைக் காட்டும் தொலைபேசிச் செயலிகளும் இந்நோக்கில் சிந்திக்கத்தக்கவை. செய்மதி நமது இடத்தைத் தருகின்றது. அங்கிருந்து மக்காவின் திசையை மென்பொருள் சரியாகவே கணிக்கின்றது. கொழும்பிலிருந்து அது வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 295 பாகை, சென்னையிலிருந்து ஏறத்தாழ 288 பாகை. இதுவரை ஐயமில்லை. ஆனால் தொலைபேசி எத்திசையை நோக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றது என்பதை அதிலுள்ள சிறு காந்த உணரியே கூறுகின்றது. இரும்புக் கம்பிகள் பொதிந்த கொங்கிரீட் தளமோ ஒலிபெருக்கியின் காந்தமோ அருகிருந்தால் அது பல பாகை பிறழும். திரையில் அம்பு அசையாது நிற்பதைக் கண்டு பள்ளிவாசலின் ஸப்புகளை மாற்றவும், மாற்றியதற்காக ஊர் இரண்டுபடவும் இடமுண்டு. தவறு கணக்கில் இல்லை; கருவியை வேறொன்றால் சோதியாமையில் இருக்கின்றது.

அதற்கான சோதனை முறையும் நமது பழைய நூல்களிலேயே உள்ளது. ஆண்டுக்கு இருமுறை சூரியன் மக்காவின் உச்சிக்கு மேல் வருகின்றது. அவ்வேளையில் உலகில் எங்கிருந்து சூரியனை நோக்கினாலும் அத்திசையே கிப்லா என 13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் அத்-தூஸி எடுத்துரைத்தார். இலங்கை, இந்திய நேரப்படி மே 27 அல்லது 28ஆம் திகதி பிற்பகல் ஏறத்தாழ 2.48 மணிக்கும், ஜூலை 15 அல்லது 16ஆம் திகதி பிற்பகல் ஏறத்தாழ 2.57 மணிக்கும் இது நிகழ்கின்றது. சமதரையில் நிமிர்த்தி நட்ட ஒரு கோலின் நிழலை அக்கணத்தில் குறித்துக்கொண்டால், நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கி வரையும் கோடு கிப்லாவைக் காட்டும். வானம் மூடியிருந்தால் முந்திய நாளிலோ அடுத்த நாளிலோ அதே நேரத்தில் செய்தாலும் பிழை மிகச் சிறிதே.

ஜைபூரில் கணக்குப் பலகையின் பின்புறத்தில் வில் வரைந்த அல்-பிரூனிக்கு இன்றைய தொலைபேசி கிடைத்திருந்தால் அதனை அவர் மகிழ்வோடு ஏற்றிருப்பார் என்பதில் ஐயமில்லை. அடுத்த நண்பகலில் கோலொன்றை நட்டு அது கூறிய அகலாங்கைச் சரிபார்த்தும் இருப்பார். வழிகாட்டிக் கருவி நமக்குத் தரும் வசதியை மறுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் பாடசாலைகளிலும் வரும் மே மாதத்தில் மாணவர்களை முற்றத்துக்கு அழைத்து, ஒரு கோலையும் கடிகாரத்தையும் கொண்டு அந்நிழலைக் குறிக்கச் செய்து, தொலைபேசியின் அம்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தால், ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஓர் அறிவு மரபை அவர்கள் நிழலின் நீளத்தில் கற்றுக்கொள்வர்.